கணவரிடம் போய்ச் சேர விசா: குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சபர் என்ற சொல் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. நம் பாட்டன்மார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொழும்புக்கும் போனார்கள். நம் வாப்பாமார் வளைகுடாவுக்குப் போனார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சபுராளி வருவார், இரண்டு மாதம் இருப்பார், திரும்பப் போவார். பிள்ளைகள் வாப்பாவைப் போட்டோவில் பார்த்து வளர்ந்தார்கள். வேறு வழி இல்லாமல் அந்தத் தலைமுறைப் பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். வழி இருக்கும்போதும் காகிதக் குறையால் நம் பெண்கள் காத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போர்முனைக்குப் போன வீரர்கள் குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் மனைவியரைப் பிரிந்து இருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்ததை ஹஜ்ரத்மார்கள் பயானில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு பெண்ணின் தனிமையை அரசாங்கத்தின் கவலையாக எடுத்துக்கொண்டவர் அவர். நமக்கு அந்த அதிகாரம் இல்லை. ஆனால் காகிதங்களைச் சரியாக வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

அறக்கட்டளை அலுவலகத்துக்கு விசா விஷயமாக வரும் குடும்பங்களில் பெரும்பாலோர், கல்யாணம் முடிந்து ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத்தான் வருகிறார்கள். அதற்குள் சரிசெய்ய முடியாத குறைகள் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலை விசா அலுவலகத்தில் தொடங்குவதில்லை, நிக்காஹ் பேசும் நாளிலேயே தொடங்குகிறது.

நிக்காஹ் பேசும்போதே கேளுங்கள்

மாப்பிள்ளை லண்டனில் இருக்கிறார், துபாயில் இருக்கிறார் என்றால் நாம் சம்பளத்தைக் கேட்கிறோம், வீட்டைக் கேட்கிறோம். அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று கேட்பதில்லை. பெண் அங்கே போவதும் இங்கேயே இருப்பதும் அதைப் பொறுத்தது.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதுகலைப் பாடம் படிக்கப் போன மாணவர், 2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்பாக இருந்தால், மனைவியை அழைத்துக்கொள்ள முடியாது. முனைவர் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்புக்கு விலக்கு உண்டு. முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்பு வேலை பார்க்கும் கேர் ஒர்க்கர் விசாவுக்கு 2024 மார்ச் 11 முதல் விண்ணப்பித்துப் போனவர்களுக்கும் அந்த உரிமை இல்லை. இது தெரியாமல், ‘ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்வேன்’ என்ற வார்த்தையை நம்பி நிக்காஹ் நடக்கிறது. மாப்பிள்ளை வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. பல நேரம் அவருக்கே தெரிவதில்லை.

ஆகவே பெண் வீட்டார் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன விசா? எப்போது முடிகிறது? அந்த விசாவில் மனைவிக்கு அனுமதி உண்டா? சம்பளம் விதிக்குத் தேவையான அளவு இருக்கிறதா? மஹரை எப்படித் தெளிவாகப் பேசி எழுதுகிறோமோ, அப்படியே இதையும் பேசிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ‘மருமகளும் போய்விட்டால் எங்களை யார் பார்ப்பது?’ என்று வயதான உம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அது உண்மையான கவலை. ஆனால் அதற்குப் பதில், விசா வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிப்போடுவது அல்ல. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு, பெண் எப்போது போவாள் என்பதை இரு குடும்பமும் உட்கார்ந்து நிக்காஹுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

தஃப்தரும் சார்பதிவாளர் அலுவலகமும்

பள்ளிவாசல் தஃப்தரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மார்க்கத்தில் நிக்காஹ் நிறைவேறிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளிநாட்டு அதிகாரி கேட்பது அரசு முத்திரையுள்ள சான்றிதழை. எல்லா மதத்தவரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன்படி தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. நிக்காஹ் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாட்கள். ஆக மொத்தம் 150 நாட்கள்.

அந்த நாட்களும் கடந்தபின் ஓடி வருபவர்களுக்கு, சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்துகொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஏற்கெனவே நடந்த நிக்காஹை அந்தச் சட்டத்தின் கீழ் பதியலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பதிந்தால், பிற்காலத்தில் சொத்துப் பங்கீட்டுக்கு ஷரீஅத் சட்டத்துக்குப் பதிலாக இந்திய வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். விசா அவசரத்தில் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதைவிட நல்லது, மாப்பிள்ளை விடுப்பு முடிந்து விமானம் ஏறுவதற்குள் இருவரும் போய்ப் பதிவை முடித்துவிடுவது. வலீமாவுக்குப் பிறகு வரும் முதல் வாரத்திலேயே இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இரண்டாம் திருமணமாக இருந்தால் முதல் திருமணம் முறையாக முடிந்ததற்குச் சான்று வேண்டும். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பிரிந்திருந்தால் விவாகரத்துச் சான்று. முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது. ஒரு தனிப்பட்ட ஷரீஅத் கவுன்சில் கொடுத்த சான்றிதழ் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் சொல்லியிருக்கிறது. ஆகவே நீதிமன்ற உத்தரவு கையில் இருப்பதே பாதுகாப்பு.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282). எழுதி வைப்பது நம்பிக்கையின்மை அல்ல. அது இரு தரப்பின் உரிமைக்கும் காவல்.

ஒரே பெயர், ஒரே தேதி

நம்மவர்களின் விண்ணப்பங்களில் அதிகம் இடறுவது பெயர். தமிழில் முஹம்மது என்று ஒன்றாக எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ‘ஓ’ எழுத்து, பாஸ்போர்ட்டில் ‘யூ’ எழுத்து, ஆதாரில் ‘எம்’ இரண்டு. பீவி, பீபி, பிவி என்று ஒரே பெண்ணுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். ஒரு காகிதத்தில் வாப்பா பெயர் முதலெழுத்தாக இருக்கும். இன்னொன்றில் முழுதாக விரித்து எழுதியிருக்கும். நமக்கு அது ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு மூன்று பேர்.

ஆகவே இமாம் அவர்களிடமும் ஜமாஅத் எழுத்தரிடமும் என் வேண்டுகோள்: தஃப்தரில் எழுதும் முன் இருவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்து, அதிலுள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். வலீ, சாட்சிகள் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். ஹிஜ்ரித் தேதியோடு ஆங்கிலத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். மஃக்ரிபுக்குப் பிறகு நடக்கும் நிக்காஹில் ஹிஜ்ரி நாள் மாறிவிடும், ஆங்கில நாள் மாறாது. பின்னால் யாராவது ஹிஜ்ரியை வைத்துக் கணக்குப் போட்டால் பதிவுச் சான்றிதழில் ஒரு நாள் பிசகிவிடும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் நுழைய அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. விமான நிலையம் வரை போய்த் திரும்பி வருவதைவிட இப்போதே பாஸ்போர்ட்டைத் திருத்துவது எளிது.

வளைகுடா: கணவர் விண்ணப்பிக்கும் முறை

வளைகுடா முறை நமக்குப் பழக்கமானது. அங்கே கணவர்தான் ஸ்பான்சர். அவரே விண்ணப்பிப்பார். அமீரகத்தில் கணவரின் மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். திருமணச் சான்றிதழைத் தமிழ்நாடு அரசின் உள்துறை, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அத்தாட்சி செய்து, அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும் முத்திரை பெற வேண்டும். அரபு மொழிபெயர்ப்பும் தேவை. ஒரு படி விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சவூதி அரேபியா 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் அங்கே தூதரக முத்திரைக்குப் பதில் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் ஒட்டு போதும்.

சவூதிக்குப் போகும் குடும்பங்கள் இன்னொரு கணக்கையும் போட வேண்டும். உடன் தங்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். அழைத்துப் போய் ஒரு வருடத்தில் திருப்பி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளின் படிப்புதான் நடுவில் முறிகிறது. அமீரக விசாவில் இருப்பவர்கள் பிரசவத்துக்கு ஊர் வந்தால் ஆறு மாதக் கணக்கை நினைவில் வையுங்கள். அதற்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியிருப்பு விசா பொதுவாகச் செல்லாமல் போய்விடும்.

பிரிட்டன்: விண்ணப்பிப்பவர் பெண்தான்

பிரிட்டன் முறை வேறு. இதைத்தான் நம் குடும்பங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கணவர் பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ உள்ளவராக இருந்தால், துணைவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் மனைவி. கையெழுத்து அவளுடையது. கேள்வி அவளிடம்தான் கேட்கப்படும். ‘எல்லாம் அவருக்குத்தான் தெரியும்’ என்று சொல்லும் பெண், தன் பெயரில் உள்ள விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாதவள் ஆகிறாள். (வேலை விசாவில் இருக்கும் கணவரிடம் போவது சார்ந்தோர் விசா. அதற்கு விதிகள் வேறு. அதைத் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் நிபந்தனை வருமானம். 2012-இல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்று வைத்தார்கள். 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு. பெண் இங்கே ஆசிரியையாகச் சம்பாதித்தாலும், அந்த இந்தியச் சம்பளம் கணக்கில் வராது. கணவரின் பிரிட்டன் வருமானமே கணக்கு. ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் வங்கிக் கணக்கு, முதலாளியின் கடிதம் மூன்றும் வேண்டும். சீட்டில் உள்ள தொகை வங்கியிலும் வந்திருக்க வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கும் சம்பளம் இங்கே உதவாது. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கணக்கில் இருக்க வேண்டும். கணவர் உடல் ஊனத்துக்கான சில அரசு உதவித்தொகைகள் பெறுபவராக இருந்தால் 29,000 என்ற வரம்பு பொருந்தாது.

இரண்டாவது ஆங்கிலம். முதல் விசாவுக்கு ஏ1 நிலையில் பேசவும் கேட்கவும் தெரிந்தால் போதும். ஐஎல்ட்ஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்ற தேர்வு அதற்கானது. தன் பெயர், குடும்பம், வீடு, கடைக்குப் போவது பற்றிப் பேசும் அளவுதான். பயப்பட ஒன்றுமில்லை. ஆங்கில வழியில் பட்டம் பெற்ற பெண்கள், அது பிரிட்டன் பட்டத்துக்கு இணை என்று எக்டிஸ் நிறுவனத்திடம் சான்று வாங்கினால் தேர்வு தேவைப்படாது. பிறகு விசாவை நீட்டிக்கும்போது ஏ2 கேட்பார்கள். ஆகவே படிப்பை நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது காசநோய்ப் பரிசோதனை. அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். அதனால் மற்ற காகிதங்கள் தயாரான பிறகு எடுங்கள். நான்காவது, தங்குவதற்குப் போதிய இடம். ஒரே அறையில் நாலு பேரோடு தங்கியிருக்கும் கணவர் முதலில் வீடு பார்க்க வேண்டும்.

ஐந்தாவது பணம். 2025 ஏப்ரல் கணக்குப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு. மருத்துவச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105 பவுண்டு. சேர்த்தால் 5,043 பவுண்டு. நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்ப வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. இந்தத் தொகைகள் அடிக்கடி மாறுகின்றன. விண்ணப்பிக்கும் நாளன்று பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் விசா 33 மாதம். அது முடிவதற்குள் நீட்டிக்க வேண்டும். போன பெண் அங்கே வேலை பார்க்கலாம்.

விசிட் விசாவில் போய், அங்கிருந்தே துணைவர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிக்காஹை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனியுங்கள். இங்கிலாந்தில் சிவில் பதிவு இல்லாமல் நடக்கும் நிக்காஹ் அந்நாட்டுச் சட்டத்தில் திருமணமாகாது என்று 2020-இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே முறைப்படி நடந்து பதிவான நிக்காஹுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உறவு உண்மை என்பதற்குச் சான்று

இருவரும் நேரில் சந்தித்தவர்களா, கணவன் மனைவியாக வாழ நினைப்பவர்களா என்று பார்ப்பார்கள். தொலைபேசியில் ஈஜாப் கபூல் சொல்லி, நேரில் பார்க்காமலே விண்ணப்பித்தால் நிற்காது. விமான டிக்கெட், அவர் அனுப்பிய பணத்துக்கான ரசீது, அழைப்புப் பதிவுகள், நிக்காஹ் அழைப்பிதழ், குடும்பத்தோடு எடுத்த படங்கள் போதும். தனிப்பட்ட பேச்சையெல்லாம் அச்செடுத்துக் கொடுக்க வேண்டுமோ என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். தேவையில்லை. எந்த நாளில் பேசினோம் என்று காட்டும் பக்கங்கள் போதும். படத்தில் தலையை மூடியிருக்கலாம், முகம் தெரிய வேண்டும். கைரேகை, படம் எடுக்கும் மையத்தில் பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்கலாம்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சம்பளம் குறைவு என்றால் ‘நாங்கள் சீட்டு தயார் செய்து தருகிறோம்’ என்று சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். பிரிட்டன் விண்ணப்பத்தில் பொய்க் காகிதம் வைத்தது தெரிந்தால், பிறகு போடும் விண்ணப்பங்களும் பத்து வருடம் வரை மறுக்கப்படலாம். ஏஜென்ட் பணத்தோடு போய்விடுவார். விண்ணப்பம் யார் பெயரில்? நம் பெண்ணின் பெயரில். பத்து வருடம் அவள் தலையில்தான் விழும். பொய்ச் சாட்சியம் எவ்வளவு பெரிய பாவம் என்பதை இந்தச் சபையில் நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் போதவில்லையா? இன்னும் ஒரு வருடம் காத்திருங்கள். அந்த ஒரு வருடம் பத்து வருடத்தைவிடச் சிறியது.

உண்மையாக விண்ணப்பித்தும் மறுப்பு வந்தால் அது முடிவல்ல. மறுப்புக் கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள். இங்கிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாட்கள் உண்டு. குறை சிறியதென்றால் சரிசெய்து புதிதாகவும் விண்ணப்பிக்கலாம். கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

போன பிறகு

பெண்ணை அனுப்பும்போது நகையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். காகிதங்களையும் அப்படியே கொடுங்கள். பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கட்டும். விசா இப்போது மின்விசாவாகிவிட்டதால், அந்தக் கணக்கில் நுழையும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவளுடையதாக இருக்க வேண்டும். நிக்காஹ் சான்றிதழ், விசா முடியும் தேதி இவற்றின் நகலை இங்கே பெற்றோரும் வைத்திருங்கள்.

பெரும்பாலான மாப்பிள்ளைகள் நல்லவர்கள். ஆனாலும் எங்கோ ஒரு வீட்டில் கொடுமை நடந்தால், ‘சொன்னால் விசாவை ரத்து செய்துவிடுவேன்’ என்ற மிரட்டலால் பெண் வாய் மூடிக்கிடக்கக் கூடாது. பிரிட்டனில் துணைவர் விசாவில் இருக்கும் பெண் குடும்ப வன்முறைக்கு ஆளானால், கணவரைச் சாராமல் தனக்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இதை நம் மகள்கள் விமானம் ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அன்பர்களே, நம் அறக்கட்டளை விசா வாங்கித் தரும் நிறுவனம் அல்ல. காகிதங்களைப் பார்த்து எது குறைகிறது என்று சொல்வோம், பதிவுப் படிவத்தை நிரப்ப உதவுவோம், சட்டச் சிக்கல் என்றால் வழக்கறிஞரிடம் அனுப்புவோம். இதற்குக் கட்டணம் இல்லை. தாய்மார்கள் கணவரோ அண்ணன் தம்பியோ வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே கோப்பை எடுத்துக்கொண்டு வரலாம். பெண்களுக்கு உதவப் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாதம் நம் மஹல்லாவில் நடக்கும் ஒவ்வொரு நிக்காஹுக்கும், 90 நாள் முடியும் தேதியை ஒரு சீட்டில் எழுதி மணமக்களிடம் கொடுக்க ஜமாஅத் நிர்வாகிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

பிரிந்திருக்கும் குடும்பங்களை அல்லாஹ் நன்மையில் ஒன்று சேர்ப்பானாக. சபரில் இருப்பவர்களுக்கு ஹலாலான ரிஸ்கையும், ஊரில் காத்திருப்பவர்களுக்கு மன நிம்மதியையும் தருவானாக. ஆமீன்.